எம்எம் 540 ஜீப்புக்கு டிஐ டர்போ எஞ்சின்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பொள்ளாச்சி, ஆனைமலை, வால்பாறை பக்கம் தோட்டத்துக்கும் எஸ்டேட்டுக்கும் ஓடுகிற பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்புக்கு எஞ்சின் மாற்றும் பேச்சு எடுத்தால், பட்டறையில் முதலில் சொல்லப்படுவது அதே கம்பெனியின் 2523 சிசி டிஐ (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) டர்போதான். பொலிரோவிலும் கேம்பரிலும் வந்த எஞ்சின். மலை வேலைக்கு இதைவிடப் பொருத்தமான மாற்று எஞ்சின் இந்த ஜீப்புக்குக் கிடையாது என்பது எங்கள் முடிவு. ஆனால் எஞ்சினை மட்டும் வாங்கி உட்கார வைத்துவிட்டு வண்டி தயார் என்று நினைத்தால், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கியர்பாக்ஸையோ ரேடியேட்டரையோ பிரிக்க வேண்டியிருக்கும்.

நல்ல மேஸ்திரி யாராக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "ஏனுங்க, வண்டி அவிநாசி ரோட்டுல பறக்கோணுமா, ஆழியாறு தாண்டி மலை ஏறோணுமா?" டிஐ டர்போ இரண்டாவதற்கான எஞ்சின். காகிதத்தில் பார்த்தால் இந்த மாற்றமே வீண் என்று தோன்றும். எம்எம் 540-இல் கம்பெனி போட்ட பெஜோ எக்ஸ்டிபி 4.90 எஞ்சின் 2112 சிசி, 62 எச்பி. டிஐ டர்போ 63 எச்பி. ஒரே ஒரு எச்பிக்காக இத்தனை செலவா என்று கேட்பவர்கள், அந்த எச்பி எத்தனை சுற்றில் வருகிறது என்பதைப் பார்ப்பதில்லை. பெஜோவுக்கு அது 4500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4500 சுற்று), டிஐக்கு 3200-இல். இழுவிசை (டார்க்) பெஜோவில் 2000 சுற்றில் சுமார் 120 என்எம் (நியூட்டன் மீட்டர்), டிஐ டர்போவில் 1500 சுற்றை ஒட்டி 180 என்எம். கணக்குப் போட்டால் 1500 சுற்றில் டிஐ தருவது 38 எச்பி. அதே சுற்றில் பெஜோ 25-ஐத் தொடுவதே அதிகம்.

வால்பாறை ரோட்டில் இருக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி நிற்கிற சுற்று அதுதான். வளைவுக்குள் நுழையும்போது எஞ்சின் 1400, 1500-க்கு இறங்கும். பெஜோ அங்கே மூச்சுத் திணறும்; உடனே முதல் கியருக்குப் போக வேண்டும். டிஐ டர்போ இரண்டாவதிலேயே பிடித்து ஏறும். திம்பத்திலும் கொல்லிமலையிலும் இதே கதைதான்.

இந்த எஞ்சினின் வம்சம் டிராக்டர். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பி-275 டிராக்டர் வழியாக மஹிந்திராவுக்கு வந்தது, 88.9 மில்லிமீட்டர் போர், 101.6 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். போரைவிட ஸ்ட்ரோக் நீளம் என்பதால் மெதுவாகச் சுற்றிக் கனமாக இழுக்கும். நேரடி இஞ்செக்‌ஷன் என்பதால், பெஜோ மாதிரி தனி அறையில் எரித்து அங்கேயே சூட்டை வீணாக்குவதில்லை. அதே வேலைக்கு டீசல் குறைவாகச் செலவாகும். கம்ப்யூட்டர் கிடையாது, பம்ப் மெக்கானிக்கல். நாலு முடுக்குக்கு அப்பால் எஸ்டேட் லைனில் நின்றுவிட்டாலும் ஸ்பேனர் தெரிந்த ஒருவர் கிளப்பிவிடுவார். பிஸ்டன், லைனர், கேஸ்கெட் எல்லாம் கோவையில் மட்டுமல்ல, உடுமலையிலும் கோபியிலும் சாதாரணமாகக் கிடைக்கும். குறை என்றால் சத்தமும் அதிர்வும். ஐடிலில் ஸ்டியரிங் கையில் நடுங்கும். அதை ஏற்க முடியாதவர்கள் இந்த எஞ்சினை விட்டுவிடலாம், எந்த ரப்பர் மவுண்ட் போட்டாலும் பெஜோவின் மென்மை திரும்ப வராது.

பழைய எஞ்சின் வாங்கும் இடத்தில் அவசரம் கூடாது. ஏற்கெனவே சூடாக்கி வைத்த எஞ்சினைக் காட்டினால் ஆறும்வரை காத்திருந்து, குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வாயில் உள்ளங்கையை வையுங்கள்: லேசான காற்று இருக்கலாம், புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங் போய்விட்டது. நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குமேல் வித்தியாசப்படக் கூடாது. டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே சக்கரத்தின் நடு நட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இயல்பு; முன்னும் பின்னும் அசைவு கைக்கே தெரிந்தாலோ, இறக்கை நுனி உள்சுவரை உரசிய பளபளப்பு தெரிந்தாலோ டர்போவுக்குத் தனியாகச் செலவு வைத்துத்தான் விலை பேச வேண்டும். எஞ்சின் நம்பர் தெளிவாக, அரம் படாமல் இருக்க வேண்டும். உக்கடத்தில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பதற்குப் பில்லும் அந்த வண்டியின் ஆர்சி ரத்தான நகலும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகம் போய் வருவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதற்கு உரியது. ஆர்சியில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். மாற்றியபின் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது. 2112 சிசி இருந்த இடத்தில் 2523 சிசி வருகிறது என்பதால், உங்கள் மாடலுக்கு இது பதிவாகுமா என்று எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். "எஃப்சியில பாத்துக்கலாமுங்க" என்று சொல்லும் புரோக்கரை நம்பினால், 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் புதுப்பிப்பில் நம்பர் ஒத்துப்போகாமல் வண்டி நின்றுவிடும். இன்ஷூரன்ஸும் ஆர்சியைத்தான் பார்க்கும்.

இனி கியர்பாக்ஸ். இந்த வேலையின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. எம்எம் 540-இல் நாலு கியர் கேஎம்டி 90 பாக்ஸும் அதன் பின்னால் டானா 18 டிரான்ஸ்பர் கேஸும் (இழுவையை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) இருக்கும். டானா 18-இல் முன்னுக்கும் பின்னுக்கும் போகும் ஷாஃப்ட் இரண்டும் வலப்பக்கம் ஒதுங்கி வெளியே வரும். அதற்கேற்ப ஆக்ஸிலில் கிரவுன் பல்சக்கரம் இருக்கும் கூட்டையும் ஒதுக்கி வைத்திருப்பார்கள். புது வண்டி ஒன்றிலிருந்து எஞ்சின், ஐந்து கியர் பாக்ஸ், அதன் டிரான்ஸ்பர் கேஸ் என்று மொத்தமாக இறக்கி வந்தால், பின் ஷாஃப்ட் நடுவில் வெளிவரும், ஆக்ஸில் ஒதுங்கியே நிற்கும். அப்போது இரண்டு ஆக்ஸிலையும் மாற்ற வேண்டியதாகிவிடும். எஞ்சின் மாற்றப்போய் ஜீப்பையே மாற்றின கணக்கு.

ஆகவே பழைய பாக்ஸையும் டானா 18-ஐயும் வைத்துக்கொண்டு, எஞ்சினையும் பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கை மட்டும் டிஐக்கு ஏற்றதாக மாற்றுவதே சுருக்கமான வழி. மஹிந்திராவே டிஐ எஞ்சின் போட்ட ஜீப்புகளை விற்றிருக்கிறது; அந்த பெல் ஹவுசிங், பிளைவீல், கிளச் பிளேட், ஃபோர்க் நாலையும் ஒரே செட்டாகத் தேடுங்கள். கிளச் பிளேட்டின் நடுப் பல் உங்கள் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில் தள்ளினால் நழுவி உட்கார வேண்டும். கடையிலேயே போட்டுப் பாருங்கள், பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் தடிமன் மாறியிருக்கலாம்.

அந்த பெல் ஹவுசிங் கிடைக்காமல் லேத்தில் அடாப்டர் பிளேட் கடைந்து போடுவதும் உண்டு. கணபதியிலும் சிங்காநல்லூரிலும் இதைச் சுத்தமாகச் செய்கிற லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பம்ப்செட்டும் மோட்டாரும் செய்து பழகிய ஊர், சென்டர் எடுக்கத் தெரிந்த கை. எஞ்சினில் பெல் ஹவுசிங்கை முறுக்கியபின், டயல் கேஜின் காந்த அடியைப் பிளைவீலில் நிறுத்தி, ஊசி முனையை கியர்பாக்ஸ் உட்காரும் வட்டத் துளையின் உள்விளிம்பில் வைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஊசி மொத்தத்தில் ஐந்து தௌவுக்குள், அதாவது 0.13 மில்லிமீட்டருக்குள் ஆட வேண்டும். அதைத் தாண்டினால் பிளேட்டைத் தளர்த்தி நகர்த்தி, மறுபடி அளந்து, சரியான இடத்தில் டவல் பின் (நகராமல் பிடிக்கும் ஆணி) அடித்துப் பூட்ட வேண்டும். இந்த அளவை எடுக்காமல் "போல்ட் எல்லாம் உக்காந்துருச்சுங்க" என்று சொல்லி முடிக்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். சென்டர் விலகினால் முதலில் பைலட் பேரிங் ஊளையிடும், பிறகு கிளச் உதறும், கடைசியில் இறக்கத்தில் மூன்றாவது கியர் தானாகக் கழன்றுவிடும். அந்த நேரத்தில் பழி கியர்பாக்ஸ் மீது விழும். பாக்ஸைப் பிரித்துப் பார்த்தால் பல்லில் ஒரு குறையும் இருக்காது.

பாக்ஸையும் டிரான்ஸ்பர் கேஸையும் எஞ்சின் ஏற்றும் முன்பே திறந்து பார்த்துவிடுங்கள். டானா 18-இல் தேய்வது நடுவில் இருக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்டும் அதன் ஊசி பேரிங்கும். பெஜோவின் 120 என்எம்மில் சத்தம் போடாமல் ஓடிய ஷாஃப்ட், 180-இல் முனக ஆரம்பிக்கும். பின் ஆக்ஸிலில் ஹப்பை டேப்பரும் கீயும் வைத்துப் பூட்டிய வகை இருந்தால் நட்டைச் சரியான டார்க்கில் முறுக்குங்கள்; தளர்ந்தால் கீ வெட்டிக்கொண்டு சக்கரம் சும்மா நிற்கும், ஷாஃப்ட் மட்டும் சுற்றும்.

அடுத்தது கிரவுன் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. பலர் இதை யோசிப்பதே இல்லை. டிஐ 3200 சுற்றோடு நின்றுவிடும் எஞ்சின். உங்கள் ஜீப்பில் 43-க்கு 8 பல், அதாவது 5.38 கிரவுன் இருந்து, டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் ஓடினால், நாலாவது கியரில் 3200 சுற்றில் வேகம் 79 கிலோமீட்டர்தான். 39-க்கு 8, 4.88 என்றால் 87. நிதானமாக 2400 சுற்றில் ஓட்டினால் முறையே 59, 65. கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு நாலு வழிச் சாலையில் தினமும் போகிறவருக்கு இது எரிச்சல். 47-க்கு 11, அதாவது 4.27 கிரவுன் போட்டால் 3200-இல் 99 வரும். ஆனால் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டிலும் ஒரே விகிதம் போட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால், டயர் வழுக்க முடியாத கெட்டித் தரையில் டிரான்ஸ்பர் கேஸ் உடையும். தோட்டத்துக்குள்ளும் மலையிலும் மட்டும் ஓடும் வண்டிக்குப் பழைய கிரவுனே இருக்கட்டும். லோ கியரில் டானா 18-இன் 2.46 விகிதமும் சேர்ந்தால், டிஐயின் இழுவைக்கு ஐடிலிலேயே பாறை ஏறும்.

உங்கள் வண்டியில் எந்தக் கிரவுன் என்று தெரியாவிட்டால் பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் ஐந்தேகாலுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால் 5.38, ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. தரையில் நிற்கும் மற்ற மூன்று சக்கரத்துக்கும் கட்டை வைக்க மறக்காதீர்கள்.

எஞ்சினை உட்கார வைப்பதில் மூன்று இடைவெளியைப் பாருங்கள். எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்புக்கும் முன் ஆக்ஸிலுக்கும் நடுவில், முன் ஸ்பிரிங் முழுதாக அமுங்கினாலும் இடிக்காத இடம் வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் ஸ்டியரிங் ராடுக்கும் இரண்டு விரல். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் ஒரு அங்குலத்துக்குமேல். மவுண்ட் பிராக்கெட்டைப் புள்ளி வெல்டில் நிறுத்தி, கியர்பாக்ஸ், ஷாஃப்ட், ரேடியேட்டர், பானெட் எல்லாம் போட்டுப் பார்த்தபின் முழு வெல்டு. சேஸிஸில் போடும் பிளேட் 6 மில்லிமீட்டர் இருக்கட்டும், அதன் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள். செங்குத்து வெல்டு கோட்டில்தான் சேஸிஸ் விரிசல் விடும். வெல்டுக்கு முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். டிஐ முழுக்க வார்ப்பிரும்பு, பெஜோவைவிடக் கனம். முன் ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூட்டாவிட்டால் மூக்கு தாழ்ந்து, ஸ்டியரிங் கனத்து, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். பொலிரோவின் பவர் ஸ்டியரிங் பம்ப் இந்த எஞ்சினிலேயே வருவதால், அதையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்ல செலவு.

சூடு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஏப்ரல் மாத மத்தியானம், லோடு, இருபது கிலோமீட்டர் வேகம்: காற்று உள்ளே வராது, டர்போ மட்டும் முழு வேலை செய்யும். பழைய ரேடியேட்டரை நாலு வரிசைக் குழாய் கோராக மாற்றுங்கள். ஃபேனைச் சுற்றி ஷ்ரௌட் (காற்றைக் குவிக்கும் உறை) கட்டாயம், இறக்கையில் பாதி ஷ்ரௌடுக்குள் இருக்க வேண்டும். இன்டர்கூலர் வைத்த எஞ்சின் வாங்கினால் அதை ரேடியேட்டருக்கு முன்னால் முழுதாக மூடாமல் வையுங்கள். அதன் குழாய் நுனியில் புடைத்த வளையம் இல்லாவிட்டால் ஹோஸ் மலை நடுவில் கழன்று, கரும்புகையோடு வண்டி இழுக்காமல் நிற்கும். டர்போவிலிருந்து திரும்பும் ஆயில் குழாய் நேராகக் கீழே இறங்க வேண்டும். வளைத்து மேலேற்றினால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி எக்ஸாஸ்டில் கசியும். ஏர் கிளீனர் சிறியதாகப் போட்டால் புழுதி டர்போவின் இறக்கையைத் தின்றுவிடும். மலை ஏறி நிறுத்தியதும் ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள்.

ஏறுவது மட்டும் பேசினால் போதாது, இறங்குவதையும் சொல்ல வேண்டும். பெஜோ 4500 சுற்றைத் தாங்கும். அந்தப் பழக்கத்தில் டிஐயை இறக்கத்தில் சின்ன கியரில் போட்டு விட்டால், சக்கரம் எஞ்சினைத் தள்ளி 3200-ஐத் தாண்டிச் சுற்ற வைக்கும். கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. வால்வு ஸ்பிரிங்கும் கனெக்டிங் ராடும் அங்கே அடி வாங்கும். ஆல்டர்னேட்டரின் 'டபிள்யூ' முனையிலிருந்து இயங்கும் ஆர்பிஎம் மீட்டர் ஒன்று போட்டு, 3000-இல் சிவப்புக் கோடு வரைந்துவிடுங்கள். பிரேக்கில், டிஐயின் ஆல்டர்னேட்டரோடு வரும் வேக்குவம் பம்பைப் பயன்படுத்தி பூஸ்டர் வையுங்கள். பூஸ்டர் வைத்தாலும் டிரம் சூடேறினால் பிடிக்காது. லைனிங், வீல் சிலிண்டர் எல்லாம் எஞ்சின் வேலையோடு சேர்த்தே புதிதாக்க வேண்டும்.

பம்ப் ஸ்க்ரூவைத் திருகி இழுவை கூட்டித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். கரும்புகை வரும், டர்போவும் பிஸ்டனும் சூட்டில் போகும், புகைச் சோதனையில் 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் கருமையை அளக்கும் அலகு) அளவைத் தாண்டி வண்டி நிற்கும். கம்பெனி வைத்த அளவே இந்தக் கியர்பாக்ஸுக்கு எல்லை.

இதைவிடப் பலம் வேண்டும் என்று ஸ்கார்பியோவின் 2179 சிசி எம்ஹாக்கைக் கேட்பவர்களும் உண்டு. 120 எச்பி, 290 என்எம், அருமையான எஞ்சின். ஆனால் ஈசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர், சாவியின் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), ஆக்ஸிலேட்டர் பெடல் சென்சார், முழு வயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து குறையாமல் வர வேண்டும். 290 என்எம்முக்கு கேஎம்டி 90 நிற்காது, பாக்ஸும் ஆக்ஸிலும் மாற வேண்டும். எதிர்ப்பக்கம், 2498 சிசி எக்ஸ்டி3பி பெஜோ எஞ்சின், 72.5 எச்பி. எம்எம் 540-இன் எஞ்சினோடு ஒரே குடும்பம் என்பதால் வேலை குறைவு, ஓட்டமும் மென்மை. சமவெளியில் அதிகம் ஓடி, எப்போதாவது மலை ஏறுகிறவருக்கு இதுவே போதும். நல்ல நிலையில் ஒன்று கிடைப்பதுதான் கஷ்டம். ஒருமுறை கொதித்த எஞ்சின் என்றால் ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்காமல் வாங்கக் கூடாது.

செலவில், எஞ்சினுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதே அளவு மற்ற வேலைக்கும் எடுத்து வையுங்கள். வண்டி ஓட ஆரம்பித்து முதல் 500 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர் மாற்றி, மவுண்ட் போல்ட், பெல் ஹவுசிங் போல்ட், கிராஸ் ஜாயின்ட் போல்ட், டர்போ ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் மறுபடி முறுக்குங்கள். கிளச் பெடலில் ஒரு அங்குலம் சும்மா அமுங்க வேண்டும். அது குறைந்திருந்தால் அப்போதே சரிசெய்துவிடுங்கள்.